காசுக்கும் மதிப்பெண் உண்டு: புழங்காத நாணயங்கள் தரம் பிரிக்கப்படுவது எவ்வாறு?

தமிழிலே 'நாணயம்' என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரு பொருளும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்ற தொழில் ஒன்று உலகில் உண்டு. பழங்காசுகளைச் சேகரிப்போருக்காக, அவற்றின் நிலையை ஆராய்ந்து மதிப்பெண் வழங்கும் தொழிலே அது. ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட இரு வெள்ளிக்காசுகளுள் ஒன்று சில பத்து டொலருக்கும் மற்றொன்று பல்லாயிரம் டொலருக்கும் விலைபோகுமாயின், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மதிப்பெண்தான்.

இது செல்வந்தரின் பொழுதுபோக்கு அல்லவா, புலம்பெயர்ந்து வந்து நாளாந்தம் உழைத்து வாழும் எமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இரு காரணங்களுக்காக இதனை நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மடியில் முடிந்துகொண்டு வந்த பவுண் காசுகள் எம்மவரின் பல வீடுகளில் இன்றும் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுப்பதற்கோ, ஊரில் தவிக்கும் பிள்ளையை அழைப்பதற்கோ அவசரத்தில் அவை விற்கப்படும்போது, வெறும் பொன்னின் எடைக்கே விலை பேசப்படுகிறது. இது முதலாவது காரணம். மறுபுறத்தில், 'புழங்காத அரிய நாணயம், பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு நல்ல முதலீடு' என்று தொலைபேசியிலும் விளம்பரத்திலும் ஆசைகாட்டி விற்போர் எந்த நாட்டிலும் உண்டு. இது இரண்டாவது. விற்பவராயினும் வாங்குபவராயினும், அறியாதவர் தலையிலேயே நட்டம் விழுகிறது.

புழங்காத நாணயம் என்றால் என்ன?

நாணயச்சாலையிலிருந்து வெளிவந்தபின் மக்கள் கைகளில் மாறிமாறித் திரிந்து தேயாத காசையே புழங்காத நாணயம் என்கின்றனர். இங்கே 'தேய்மானம்' என்ற சொல்லே அளவுகோல். காசின் உருவத்தில் மிக உயர்ந்து நிற்கும் இடங்களே முதலில் தேய்வன. உருவத்தின் கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், கழுகின் மார்பு ஆகியவை அத்தகையன. இவ்விடங்களில் உராய்வின் சுவடு சிறிதேனும் தென்பட்டால் அக்காசு புழங்காதது என்ற வகுப்பிலிருந்து கீழிறங்கிவிடும்.

ஆனால் புழங்காதது என்பதற்குக் குறையற்றது என்று பொருளில்லை. இதனை விளங்கிக்கொள்ளாதவரே அதிகம் ஏமாறுகின்றனர். அடிக்கப்பட்ட காசு இயந்திரத்திலிருந்து தொட்டியில் விழுகிறது. ஆயிரக்கணக்கான காசுகளோடு பையில் கொட்டப்படுகிறது. அப்பை வண்டியில் ஏற்றப்படுகிறது. வங்கியின் நிலவறையில் எறியப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காசோடு காசு மோதிக் கீறலும் தழும்பும் உண்டாகின்றன. ஒரு மனிதனின் கையும் படாத காசு, முகமெல்லாம் தழும்போடு இருக்கலாம். ஆகவேதான் புழங்காத காசுகளுக்குள்ளேயே பதினொரு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை 60இல் தொடங்கி 70இல் முடிகின்றன.

உடலுக்கு எண்ணிட்டவர் காசுக்கும் எண்ணிட்டார்

எழுபது என்ற இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்க உளவியலாளரான வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றிலிருந்து வந்தது. இவர் மனித உடலமைப்பை மூவகையாகப் பிரித்து, ஒவ்வொருவர் உடலுக்கும் எண்கள் இட்டு, அவற்றிலிருந்து குணத்தைக் கணிக்கலாம் என்று வாதிட்டவர். அக்கோட்பாட்டை அறிவியலாளர் இன்று ஏற்பதில்லை. ஆனால் காசுக்கு அவர் இட்ட எண்கள் நிலைத்துவிட்டன.

ஷெல்டன் சேகரித்தவை 1793 முதல் 1814 வரையான அமெரிக்கச் செப்புச் சதங்கள். அவர் கணக்கு எளிமையானது. அடையாளம் காணக்கூடிய அளவுக்கு மட்டும் எஞ்சிய, முற்றாகத் தேய்ந்த காசுக்கு எண் 1. அதன் விலை ஒரு டொலராயின், 20ஆம் தரக் காசின் விலை இருபது டொலர்; 60ஆம் தரத்துக்கு அறுபது; குறையே இல்லாத 70ஆம் தரத்துக்கு எழுபது டொலர். அதாவது அந்த எண் தரத்தைக் குறித்ததோடு விலையின் பெருக்கத்தையும் குறித்தது. சில ஆண்டுகளிலேயே சந்தை இக்கணக்கை உடைத்துக்கொண்டு போய்விட்டது. இன்று 64க்கும் 65க்கும் இடையே விலை பலமடங்காகக்கூடும். கணக்கு மறைந்தது, எண் மட்டும் எஞ்சியது.

ஷெல்டனின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அவர் 1977இல் காலமானபின், நியூ யோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த சிறந்த செப்புச் சதங்களை எடுத்துக்கொண்டு, அவ்விடங்களில் தரங்குறைந்தவற்றை அவர் வைத்துவிட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. 1990களில் இவ்விடயம் கலிபோர்னிய நீதிமன்றங்கள் வரை சென்றது. தரத்தை அளக்கக் கோல் செய்தவரே தரத்தை மாற்றி வைத்தார் என்பது, இத்தொழிலில் எவர் பெயரையும் கண்ணைமூடிக்கொண்டு நம்பலாகாது என்பதற்கு நல்ல பாடம்.

வாய்ச்சொல்லிலிருந்து பெட்டிக்கு

1970கள் வரை காசின் தரத்தைச் சொன்னவர் வியாபாரியே. விற்கும்போது 'மிக உயர்ந்த நிலை' என்பார். அதே காசை அடுத்த ஆண்டு திரும்ப விற்கக் கொண்டுபோனால் 'சாதாரணம்' என்பார். அமெரிக்க நாணயவியலாளர் கழகம் 1977இல் ஷெல்டனின் எண்களை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் விரித்து, விதிநூலொன்றை உருவாக்கியது. அதில் புழங்காத காசுகளுக்கு 60, 65, 70 என்ற மூன்று படிகளே இருந்தன. இடைப்பட்ட படிகள் பின்னர் சேர்க்கப்பட்டு, 1986 அளவில் பதினொன்றும் நிறைந்தன.

1980 தை மாதத்தில் பொன்னும் வெள்ளியும் விலையேறிய வேளையில், காசைப்பற்றி எதுவும் அறியாதோர் பெருந்தொகையாக இச்சந்தையில் நுழைந்தனர். 60 என்று சொல்லவேண்டிய காசு 65 என்று விற்கப்பட்டது. முதலில் புகைப்படத்துடன் கூடிய சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஆனால் சான்றிதழ் தாளாகவும் காசு தனியாகவும் இருந்தமையால், நல்ல சான்றிதழோடு வேறு காசைச் சேர்த்து விற்க வழி இருந்தது. 1985இல் கலிபோர்னியாவில் தோன்றிய பி.சி.ஜி.எஸ். நிறுவனம் இதற்கு முடிவுகட்டியது. 1986இலிருந்து அது காசைத் தெளிவான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, ஒலியலைகளின் அதிர்வினால் விளிம்புகளை உருக்கி ஒட்டி, உள்ளே தரமும் தொடரிலக்கமும் பொறித்த தாளை வைத்தது. பெட்டியை உடைக்காமல் காசை எடுக்க முடியாது; உடைத்தால் தெரிந்துவிடும். 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் இவ்வழியில் வந்தது. கனடாவில் ஐ.சி.சி.எஸ். என்ற நிறுவனம் 1986 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. அது கடினப் பெட்டிக்குப் பதிலாக மென்மையான உறையைப் பயன்படுத்துவது.

ஒரு தாளில் பொறிக்கப்படும் முடிவுக்கு எத்துணை வலிமை உண்டென்பதை, அகதி விண்ணப்பம் செய்து காத்திருந்த எவருக்கும் நாம் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. காசு அதே காசுதான். தாளிலுள்ள எண் ஒன்று மாறினால் அதன் வாழ்வே மாறிவிடுகிறது.

அவ்வறையில் நடப்பது

தரம் பிரிக்கும் அறை மங்கலான ஒளியுடையது. தேர்வாளரின் மேசையில் ஒரு மின்விளக்கு மட்டும் இருக்கும். உரிமையாளர் யாரென்பது அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. அவர் காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பினால் பிடித்து, விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றிப் பார்க்கிறார். ஐயம் எழுமிடத்து ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை எடுக்கிறார். ஒருவர் பார்த்தபின் இன்னொருவர் தனியாகப் பார்ப்பதும், முடிவுகள் மாறுபட்டால் மூத்தவர் ஒருவர் தீர்ப்பதும் பெருநிறுவனங்களின் வழக்கம். தேர்ந்தவர் ஒரு காசுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் சில நொடிகளே. அந்நொடிகளில் அவர் கண் நான்கு விடயங்களைத் தேடுகிறது.

முதலாவது, மேற்பரப்பு. எத்தனை தழும்புகள், எவ்வளவு ஆழம் என்பதோடு, அவை எங்கே உள்ளன என்பதும் முக்கியம். கூந்தலின் மடிப்புகளுக்குள் மறைந்திருக்கும் கீறலைவிட, வெறுமையான கன்னத்தின் நடுவே விழுந்த கீறல் தரத்தை அதிகம் குறைக்கும். அழகிய முகத்தில் வடு எங்கே விழுந்தது என்று பார்ப்பது போன்றதே இதுவும்.

இரண்டாவது, ஒளிர்வு. இதுவே புழங்காத காசின் உயிர் எனலாம். அச்சு வில்லையின்மீது பேரழுத்தத்துடன் இறங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தோடுகிறது. அவ்வோட்டம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வரிகளைப் பரப்பெங்கும் விட்டுச்செல்கிறது. ஒளி அவ்வரிகளில் பட்டுத் தெறிப்பதால், காசைச் சாய்க்கும்போது வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வதுபோல ஒளிக்கீற்றுகள் சுற்றிவரும். உராய்வு பட்டால் இவ்வரிகள் அழியும். அழிந்தால் மீண்டும் வாரா. மினுக்கிய காசும் பளபளக்கும், ஆனால் அதில் ஆரக்கால்கள் சுழல மாட்டா. வீட்டிலே ஒரேயொரு மின்விளக்கின் கீழ் எவரும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, அடிப்பின் தெளிவு. அச்சின் நுணுக்கங்களெல்லாம் காசில் முழுமையாகப் பதிந்தனவா என்பது. அழுத்தம் குறைவாக இருந்தாலோ அச்சு தேய்ந்திருந்தாலோ, காதுக்கு மேலுள்ள கூந்தல் மழுங்கலாகத் தோன்றும். இது தேய்மானம் போலத் தெரிந்தாலும் தேய்மானமன்று. பிறவியிலேயே வந்த குறை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கும் ஒளிர்வே துணை. மழுங்கிய இடத்திலும் ஒளிர்வு உடைபடாமல் இருந்தால் அது அடிப்பின் குறை. ஒளிர்வு அற்றுப்போயிருந்தால் உராய்வு.

நான்காவது, கண்ணுக்கு இனிமை. ஆண்டுகள் செல்லச்செல்ல வெள்ளியின்மீது பொன்னிறமும் நீலமும் கலந்த படிவு ஏற்படுவதுண்டு. அது அழகாக அமைந்தால் தரத்தை உயர்த்தும். கறுத்துத் திட்டுத்திட்டாக அமைந்தால் தாழ்த்தும். இங்கே விதிநூலைவிடத் தேர்வாளரின் சுவையே பேசுகிறது.

இந்நான்கையும் சேர்த்தே எண் இடப்படுகிறது. 60 என்பது தேய்மானமில்லை, ஆனால் தழும்புகள் நிறைந்து ஒளிர்வும் மங்கியது என்று பொருள்படும். 63இல் தழும்புகள் கண்ணுக்குத் தெரியும், ஆயினும் காசு பார்க்கத் தக்கது. 65 என்றால் சிறு குறைகளே உண்டு, ஒளிர்வு நிறைந்தது. வணிகர் இதனை 'மணி' என்று போற்றுவர். 67இல் குறைகளைத் தேடித்தான் காணவேண்டும். 70 என்பது ஐந்து மடங்கு பெருக்கிப் பார்த்தாலும், நாணயச்சாலையை விட்டு வந்தபின் ஏற்பட்ட குறை எதுவும் தென்படாத காசு. இவ்வெண்களுக்கு முன்னே நாணயச்சாலை நிலை என்பதைக் குறிக்கும் எம்.எஸ். என்ற எழுத்துகள் இடப்படும்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. 60க்குக் கீழே, ஏ.யு. 58 என்றொரு தரம் இருக்கிறது. மிகச் சிறிதளவே கைபட்டு, உயர்ந்த இடத்தில் ஓர் உராய்வுச் சுவடு மட்டும் உள்ள காசு அது. பார்வைக்கு அது, தழும்பு நிறைந்த 60ஆம் தரக் காசைவிடப் பலமடங்கு அழகாக இருப்பதுண்டு. அனுபவமுள்ள சேகரிப்பாளர் பலர் எண்ணைப் பாராமல் 58ஐ விரும்பி வாங்குவது இதனாலேயே.

நிலவறையில் உறங்கிய வெள்ளி

இக்கலை வளர்ந்தது பெரும்பாலும் ஒரு காசைச் சுற்றியே. அது அமெரிக்காவின் மோர்கன் டொலர். ஜோர்ஜ் மோர்கன் என்ற செதுக்குநர் வடிவமைத்த இந்த வெள்ளிக்காசு 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921இலும் அடிக்கப்பட்டது. எடை 26.73 கிராம்; நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. மக்கள் இப்பாரமான காசை விரும்பிப் புழங்கவில்லை. வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஆதரவாக இயற்றப்பட்ட சட்டத்தின் காரணமாக அரசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆயிரம் காசு கொண்ட பைகளாக நிலவறைகளில் அவை குவிந்தன. 1918இல் இயற்றப்பட்ட பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டுக் காசு எவ்வளவு உருகிற்று என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. ஆகவே எத்தனை அடிக்கப்பட்டன என்பதை வைத்துக்கொண்டு எத்தனை எஞ்சின என்று சொல்லமுடியாது போயிற்று.

1903இல் நியூ ஓர்லியன்சில் அடிக்கப்பட்ட டொலர் இதற்குத் தக்க சான்று. புழங்காத நிலையில் அது கிடைத்தற்கரியது என்று பல்லாண்டுகள் நம்பப்பட்டு, ஆயிரம் டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது. 1962ஆம் ஆண்டின் இறுதியில் அரசின் நிலவறையிலிருந்து அக்காசுகள் பைபையாக வெளிவந்தன. விலை தலைகுப்புற விழுந்தது. மாறாக, 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டவை 32 இலட்சம். தேய்ந்த நிலையில் அவை எளிதாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மக்கள் கையில் புழங்கிவிட்டமையால், புழங்காத நிலையில் மிகமிக அரியன. ஆண்டும் ஊரும் ஒன்றாயிருக்க, தேய்மானம் ஒன்றே ஏழையையும் செல்வனையும் பிரித்துவைக்கிறது.

1964இல் அரசு வெள்ளி டொலர் கொடுப்பதை நிறுத்தியபோது, எஞ்சியிருந்தவை ஏறக்குறைய முப்பது இலட்சம். அவற்றுட் பெரும்பாலானவை நெவாடா மாநிலத்தின் கார்சன் சிற்றி நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. 1972 முதல் 1980 வரை அரசே அவற்றைப் பொதுமக்களுக்கு விற்றது. பையில் கிடந்து மோதுண்ட அக்காசுகளின் கன்னத்துத் தழும்புகளை எண்ணிப் பழகியே ஒரு தலைமுறைத் தேர்வாளர்கள் கண் தேர்ந்தார்கள்.

கண் மாறினால் எண் மாறும்

தேர்வாளரும் மனிதரே. இன்று 64 என்று இட்ட காசுக்கு நாளை அவரே 65 இடலாம். விலை வேறுபாடு பெரிதாகையால், சில வணிகர் பெட்டியை உடைத்துக் காசை மீண்டும் மீண்டும் அனுப்புவர். ஒருமுறையேனும் உயர்ந்த எண் கிடைத்தால் இலாபம். 1990இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் மோர்கன் டொலர்களுக்குத் தரமிடக் கணினியொன்றை அறிமுகப்படுத்தியது, அது நிலைக்கவில்லை. தழும்பை எண்ணக் கணினிக்குத் தெரிந்தது. அழகை எடைபோடத் தெரியவில்லை. 2007இல் சி.ஏ.சி. என்ற நிறுவனம் தோன்றி, பெட்டியிலிட்ட காசுகளை மறுபடி ஆராய்ந்து, அவ்வெண்ணுக்கு உண்மையாகவே தகுதியானவை எனக் கண்டவற்றுக்குப் பச்சை ஒட்டுத்தாள் இடத் தொடங்கியது. தேர்வாளரைத் தேர்ந்தறிய இன்னொரு தேர்வாளர் தேவைப்பட்டார் என்பதே இதன் பொருள்.

எண்ணை மட்டும் நம்பிப் பணமிட்டவர்களின் கதி என்னவென்பதையும் சொல்லவேண்டும். பெட்டியிலிட்ட காசுகளைப் பங்குச்சந்தைப் பத்திரங்கள் போல வாங்கலாம் என்ற எண்ணத்தில் 1989இல் விலைகள் உச்சத்துக்கு ஏறின, 1990இல் சரிந்தன. காசின் தரம் மாறவில்லை. வாங்குவோர்தான் இல்லாமற் போயினர்.

எண்ணே எல்லாமுமன்று என்பதற்கு இன்னும் இரு சான்றுகள். உலகிலேயே மிக உயர்ந்த விலைக்கு ஏலம்போன காசு, அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டு இருபது டொலர்ப் பொற்காசு. அவ்வாண்டு பொன்னைப் புழக்கத்திலிருந்து அரசு விலக்கியதால், அடிக்கப்பட்ட 4,45,500 காசுகளும் வெளியிடப்படாமலே உருக்கப்படவேண்டியதாயிற்று. தப்பிய சிலவற்றுள் சட்டப்படி தனியார் வைத்திருக்கக்கூடியது ஒன்றே. 2021 ஆனி மாதம் நியூ யோர்க்கில் அது 1 கோடி 88 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலருக்கு விலைபோனது. அதன் தரம் 65 மட்டுமே. மறுபுறத்தில், 1986 முதல் அமெரிக்கா ஆண்டுதோறும் வெளியிடும் வெள்ளிக் கழுகுக் காசுகளுள் 70ஆம் தரம் பெற்றவை ஏராளம். புதிதாக அடித்துப் பத்திரமாக எடுத்துவரப்படும் காசுக்கு 70 கிடைப்பது அதிசயமன்று. தொலைபேசியில் விற்போர் 'எழுபதுக்கு எழுபது' என்று முழங்குவது பெரும்பாலும் இத்தகைய காசுகளையே.

ஐரோப்பாவின் சொற்கள்

ஐரோப்பாவில் வாழும் எம்மவர் எண்களைவிடச் சொற்களையே சந்திக்க நேரும். பிரான்சில் 'த்ரே த்ரே போ' என்றால் தேய்ந்தும் அழகிய காசு. அதற்கு மேல் 'சுப்பேர்ப்', 'ஸ்ப்ளோந்தித்'. உச்சியில் 'ஃப்ளேர் த குவான்', அதாவது அச்சிலிருந்து அன்றலர்ந்த மலர். ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் 'சேர் ஷோன்', அதற்கு மேல் 'ஃபோர்சூக்லிஷ்', உச்சியில் அச்சின் ஒளி எனப் பொருள்படும் 'ஸ்ரெம்பல்கிளான்ஸ்'. இங்கிலாந்தில் 'ஃபைன்' என்றால் நன்று என்று எண்ணிவிடக்கூடாது. அது நன்றாகத் தேய்ந்த காசு. 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்பதே சிறிதளவு மட்டும் தேய்ந்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. 'புறூஃப்' என்பது ஒரு தரமன்று. மெருகேற்றிய அச்சினாலும் வில்லையினாலும் சேகரிப்போருக்கெனத் தனியாகச் செய்யும் முறை.

எம் வீட்டுப் பவுண்

இனி எம் வீட்டுக்கு வருவோம். நகையை அளக்க எம்மவர் இன்றும் சொல்லும் 'பவுண்' என்ற அளவு, பிரித்தானியாவின் 'சொவறின்' என்ற பொற்காசின் எடையை ஒட்டி எழுந்தது. 22 கரட் பொன்னாலான அக்காசின் எடை 7.98 கிராம். அது லண்டனில் மட்டும் அடிக்கப்படவில்லை. சிட்னி, மெல்பேர்ண், பேர்த், ஒட்டாவா, பிரிற்றோரியா ஆகிய நகரங்களிலும், 1918ஆம் ஆண்டு மட்டும் பம்பாயிலும் அடிக்கப்பட்டது. புனித ஜோர்ஜ் குதிரைமீதிருந்து அரக்கப்பாம்பைக் குத்தும் பக்கத்தில், குதிரையின் காலடியில், ஆண்டெண்ணுக்குச் சற்று மேலே சிறிய எழுத்தொன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டாவாவுக்கு 'சி', பம்பாய்க்கு 'ஐ', சிட்னிக்கு 'எஸ்' என அவ்வெழுத்து ஊரைச் சொல்லும். பெரும்பாலான பவுண்கள் பொன் விலையை ஒட்டியே போகும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் 1908, 1916ஆம் ஆண்டுகளில் ஒட்டாவாவில் அடிக்கப்பட்டவை போன்றவை மிக அரியன. உருக்கும் கடையில் கொடுத்தபின் வருந்திப் பயனில்லை.

எமது வழக்கங்கள் சில காசின் தரத்துக்குப் பகையானவை. பொன்னைச் சோதிக்க எம் பத்தர் உரைகல்லில் உரைப்பார். பொன்னின் மாற்றை அறிய அது நல்ல வழி; ஆனால் புழங்காத காசின் விளிம்பை உரைத்த அக்கணமே அதன் தரம் போய்விடுகிறது. மாலையில் கோக்கவும் தாலிக்கொடியில் இணைக்கவும் வளையம் ஒட்டிய காசு, எத்துணை பழையதாயினும் சேகரிப்பாளருக்கு உதவாது. அதற்கு உறவின் மதிப்பு உண்டு. எழுபதின் மதிப்பு இல்லை. செம்புக் குடத்தைப் புளியிட்டு விளக்குவதுபோல விற்கப்போகும் காசையும் விளக்கிப் பளிச்சிடச் செய்வோர் உண்டு. நாம் முன்னே சொன்ன நுண்வரிகளைப் புளி அரித்துவிடும், துணி கீறிவிடும். இவ்வாறு துலக்கிய காசுக்குத் தரநிறுவனங்கள் எண்ணே வழங்குவதில்லை. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்போடு ஒதுக்கிவிடும்.

யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்த செப்புக்காசுகளை வைத்திருப்போரும் எம்மிடையே இருக்கக்கூடும். கையால் அடித்த அக்காசுகள் இவ்வெழுபது எண்களுக்குள் அடங்கா. எழுத்து நடுவில் விழுந்ததா, மேற்பரப்பு அரிபடாமல் உள்ளதா என்பதே அவற்றின் மதிப்பு. அவற்றையும் துலக்குதல் கூடாது.

செய்யத்தக்கவை

காசை விளிம்பினாலேயே பிடிக்கவேண்டும். விலைமலிந்த மென்பிளாஸ்ரிக் உறைகளில் உள்ள பி.வி.சி. என்னும் பொருள் காலப்போக்கில் காசின்மீது பச்சை நிறப் பசையாகப் படிந்து அரிக்கும், அவற்றைத் தவிர்க்கவேண்டும். விற்க நினைப்போர் ஒரு கடையோடு நின்றுவிடாமல், பொன் வாங்கும் கடையொன்றிலும் நாணய வணிகர் இருவரிடமும் தனித்தனியே விலை கேட்கவேண்டும். ஆண்டையும் எழுத்தையும் முன்னரே குறித்துக்கொண்டு போனால் ஏமாற்றுவது கடினம். சாதாரணப் பவுணைத் தரநிறுவனத்துக்கு அனுப்பினால் கட்டணமே மிஞ்சும். அரியது என்று இருவர் சொன்னால் மட்டும் அனுப்பலாம்.

வாங்க நினைப்போர், பெட்டியில் உள்ள எண்ணுக்கு முன் பெட்டியே உண்மையானதா என்று பார்க்கவேண்டும். போலிக் காசுகள் போலிப் பெட்டிகளில் வருகின்றன. பெருநிறுவனங்களின் தொடரிலக்கத்தை அவற்றின் இணையப் பதிவில் சரிபார்க்கலாம். புகைப்படம் இருப்பின் காசோடு ஒப்பிடலாம். தாமே காசை விற்று, தாமே அதற்கு எண்ணும் இடுவோரை விட்டு விலகுவதே நன்று. 'இன்றே முடிவெடுங்கள்' என்று அவசரப்படுத்துபவர் எவராயினும், நூறாண்டு பொறுத்திருந்த காசு இன்னொரு நாளும் பொறுக்கும் என்று சொல்லிவிடலாம்.

எம் பெற்றோர் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்த காசு எத்தனையாம் தரம் என்பதை எவரோ ஓர் அந்நியர் விளக்கின் கீழ் சில நொடிகளில் சொல்லிவிடக்கூடும். அவர் சொல்வது சரியா என்று கேட்கத் தெரிந்திருத்தல் எம் பொறுப்பு. இன்றிரவே அக்காசை எடுத்து, துடைக்காமல், விளிம்பினால் பிடித்து, ஒரு விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ஆரக்கால்கள் சுழல்கின்றனவா என்று காட்டுங்கள். அக்காசு எப்படி எம் வீட்டுக்கு வந்தது என்ற கதையையும் அப்போதே சொல்லிவைப்பது நன்று. அதனை எந்தத் தேர்வாளராலும் சொல்லமுடியாது.